பீமனின் இடுப்பு

வியாதிக்குப் பேர் வைக்கிறவர்களுக்கு மனசில் கொஞ்சம் ஈரம் வேண்டும். 'ஹிப் டிஸ்பிளேஸியா' என்று முதல் தடவை காதில் விழுந்தபோது, ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டியில் வைத்திருக்கும் ஏதோ ஊதாப் பூ என்றுதான் தோன்றியது. 'டிஸ்' என்றால் கெட்ட, 'பிளேஸியா' என்றால் உருவாகிற விதம். எல்லாம் கிரேக்கம். இடுப்பு மூட்டின் வார்ப்பு சரியில்லை என்பதைத்தான் இப்படிப் பூ மாதிரிச் சொல்கிறார்கள்.

இது இருப்பது பீமனுக்கு. முடிச்சூரில் எங்கள் வீட்டு லாப்ரடார். வயசு இரண்டரை. (நாய் வளர்க்காத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் மாமியார் வருகிறார், அரிசி மண்டி வருகிறது, கழுகுகூட வருகிறது.)

பீமன் ஓடுவதே ஒரு அழகு. முன்னங்கால்கள் எல்லா நாய்க்கும் போல ஒன்றன்பின் ஒன்றாக. பின்னங்கால்கள் மட்டும் ரெண்டும் சேர்ந்து, முயல் மாதிரித் துள்ளும். "என்னா ஸ்டைலு ஸார்!" என்று இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தெருவே ரசித்தது. அந்த முயல் ஓட்டம்தான் இந்த வியாதியின் முகவரி என்று டாக்டர் சொன்ன பிறகு, ஸ்டைல் என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. காலையில் எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றி, பென்ஷன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி ஒரு நிமிஷம் யோசித்து, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்குவான். முனகல் கிடையாது. நாய்க்கு இதில் ஒரு வீம்பு. வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிடும். அவ்வளவுதான்.

எக்ஸ்ரேவுக்கு வேப்பேரி போனோம். 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி. முடிச்சூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். கால் டாக்ஸிக்காரர்கள் மூன்று பேர் வாசல் வரை வந்து, 'பார்ட்டி' யார் என்று பார்த்துவிட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்தார்கள். நாலாமவர் நல்லவர். ஸீட்டில் போர்த்தத் தன் லுங்கியையே கொடுத்தார்.

இந்த எக்ஸ்ரேவுக்கு நாயை மயக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டிப் பிடிக்க வேண்டும். பார்க்கச் சவாசனம் மாதிரி இருக்கும். படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்து அதை மாமியாருக்கு நான் விளக்கினேன்.

"ஆட்டுக்கல் குழியில குழவி சிக்குனு உட்காருமில்ல அத்தை? இடுப்பு மூட்டு அப்படி இருக்கணும். இவனுக்குக் குழி ஆழமில்லை. குழவி ஆடுது. ஆடி ஆடி விளிம்பு தேயுது."

அத்தை உடனே பிடித்துக்கொண்டார். "மாவோட சேர்த்துக் கல்லும் அரைபடும். அப்படித்தானே மாப்ளே? அப்போ கல்லு கொத்தணுமே?"

அறுவைச் சிகிச்சையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. பாரதத்தில் பீமன் அடித்துத் துரியோதனனுக்குத் தொடை போயிற்று. எங்கள் வீட்டில் பீமனுக்கே தொடையில் அடி!

பிறக்கும்போது இவன் இடுப்பில் ஒரு கோளாறும் தெரிந்திருக்காது. குட்டி வளர வளர மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வாக இருப்பதால், பந்து குழியை விட்டு நழுவி நழுவி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் உருவாகின்றன. தளர்வு பரம்பரைச் சொத்து. ஒரே ஒரு மரபணுவாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இதில் பல மரபணுக்கள் கூட்டணி. அதன் மேல் வேகமான வளர்ச்சியும் அதிக எடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாய்களில் இப்படி ஒன்று இருப்பதை 1935-ல் அமெரிக்காவில் ஷ்னெல் என்ற டாக்டர் எழுதினார். 1966 முதல் அங்கே இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. நாய்க்கு ரெண்டு வயசு ஆனதும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால் இடுப்புக்கு மார்க் போட்டுத் தருவார்கள். தேறினால் மேற்கொண்டு குட்டி போடலாம். எங்களுக்குக் குட்டி விற்றவர், தாய் தகப்பன் வாங்கிய கோப்பைகளை வரிசையாகக் காட்டினார். எக்ஸ்ரே காட்டவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிற ஊரில், லாப்ரடார் ஜோடிக்கு இந்த ஒரு பொருத்தம் பார்க்கக் கூடாதா?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, பீமனைத் தவிர. "எவ்வளவு நாள் இருப்பான்னு டாக்டர் சொன்னாரா?" என்று மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த வியாதியால் நாய் சாவதில்லை. எழுந்திருக்க முடியாமல் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு நாள் நாமே ஊசி போடச் சொல்லிக் கொண்டுவருவோம். அந்த நாளை எவ்வளவு தூரம் தள்ளுகிறோம் என்பதுதான் வைத்தியம். குழாயை நிறுத்தாமல் அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். முடிச்சூரில் யாரும் குழாயை அப்படித் திறந்து விடுவதில்லை.

கல் கொத்துவதில் ரெண்டு தினுசு உண்டு. பந்தையே வெட்டி எடுத்துவிடுவது ஒன்று. சதையும் நாரும் சேர்ந்து பொய் மூட்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். சின்ன நாய்களுக்கு நன்றாகவே பலிக்கிறது. கனத்த நாய்களுக்கு அந்த அளவு நிச்சயமில்லை. இன்னொன்று, மனிதர்களுக்கு வைப்பது போலச் செயற்கை மூட்டு. செலவைக் கேட்டதும் எனக்கே பின்னங்கால் ஊன்றவில்லை. "படத்தைப் பார்த்து வைத்தியம் வேண்டாம். நாயைப் பார்த்துப் பண்ணுவோம். படம் மோசமா இருந்தும் ஓடற நாய் உண்டு. படம் சுமாரா இருந்தும் நொண்டற நாய் உண்டு. முதல்ல எடையைக் குறைங்க" என்றார் டாக்டர்.

வலி தெரிகிற நாட்களுக்கு மெலாக்ஸிகாம். இங்கேதான் கழுகு வருகிறது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததால், 2006-ல் அந்த மருந்தைக் கால்நடை வைத்தியத்தில் தடை செய்தார்கள். கழுகுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்து அதன் இடத்தில் சிபாரிசு ஆனது இந்த மெலாக்ஸிகாம். எதிர்வீட்டுப் பெரியவர் நல்லெண்ணத்தோடு, "எதுக்கு ஸார் வேப்பேரி? எனக்கு முதுகு வலிக்குப் போடற மாத்திரையில பாதி குடுங்க" என்று அட்டையை நீட்டினார். நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் ஐபுப்ரோஃபென் நாய்க்குக் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அட்டையை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கும் முதுகு இருக்கிறது.

எடைக்கு வருவோம். அமெரிக்காவில் பியூரினா என்ற நாய்த்தீனிக் கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தது. ஜோடிக்குள் இரண்டும் ஒரே வயிற்றுக் குட்டிகள். ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, அதன் உடன்பிறப்புக்கு அதில் கால் பங்கு குறைத்து. கிட்டத்தட்ட 14 வருஷம் பொறுமையாகப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கப்படி தின்றவை நடுவாந்திரமாக 11.2 வருஷம் இருந்தன. குறைத்துத் தின்றவை 13 வருஷம். இடுப்பு மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தலைகாட்டியது முதல் கோஷ்டிக்கு நடுவாந்திரமாக 6 வயசில், ரெண்டாவது கோஷ்டிக்கு 12 வயசில். தீனி விற்கிற கம்பெனியே தீனியைக் குறை என்று சொல்வதால் நம்பலாம் என்று நினைக்கிறேன். பீமன் இனிமேல் குட்டியாகப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே நொண்டுகிற நாய்க்கும் எடை இறங்கினால் நடை தேறும் என்றார் டாக்டர்.

அரிசி மண்டி தராசில் ஏற்றினோம். 41 கிலோ. "சாக்கு எடை கழிக்கணுமா ஸார்?" என்றார் மண்டிக்காரர். 32-க்கு இறங்க வேண்டும் என்பது உத்தரவு.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எங்கள் தெருவில் அன்பு எத்தனை வகை என்று. டீக்கடையில் காலை ரெண்டு பொறை. இஸ்திரிக்காரர் மெரி பிஸ்கட். மாடி வீட்டு அம்மாள் வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல். பால்காரர் பாக்கெட் கிழிந்தால் அது பீமன் பங்கு, வாரத்துக்கு மூன்று பாக்கெட் எப்படியோ கிழியும். பீமன் கழுத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: 'டாக்டர் உத்தரவு. பிஸ்கட் போடாதீர்.' மறுநாளிலிருந்து இட்லி போட்டார்கள். அட்டையில் இட்லி என்று இல்லையாம்.

உள்நாட்டு எதிர்ப்பு இன்னும் பலம். அத்தைக்கு நாய் என்றால் புஷ்டியாக இருக்க வேண்டும். தயிர் சாதம் பிசைவது அவர் இலாகா. டம்ளரில் அளந்து போடச் சொன்னதும், "வாயில்லா ஜீவனுக்கு அளந்து போடறது பாவம் மாப்ளே. நாளைக்கு எனக்கும் அளப்பீங்க" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. என் மனைவி அவரைக் கூப்பிட்டு, பீமனின் பின்தொடையில் கை வைக்கச் சொன்னாள். வலிக்குப் பயந்து பாரத்தை முன்னங்காலுக்கு மாற்றி மாற்றி, பின்தொடைச் சதை வற்றிப் போயிருந்தது. மேலே அத்தனை கொழுப்பு, கீழே குச்சி. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அன்று முதல் டம்ளர் அவர் கையில். விளிம்புக்கு மேல் ஒரு பருக்கை நிற்காது. தெருவில் யாராவது இட்லியை நீட்டினால் இப்போது அதட்டுவதும் அவர்தான். "என்னம்மா இளைச்சுட்டான், ஏதாச்சும் வியாதியா?" என்று கேட்டால், "ஆமா, நீங்க போட்ட பொங்கல்!" என்கிறார். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினால் கையில் தட்டுப்பட வேண்டும் என்பது கணக்கு. தினமும் சாயங்காலம் தடவி எண்ணுகிறார்.

தண்ணீரில் நடந்தால், நீந்தினால் மூட்டுக்குப் பாரமில்லாமல் சதை ஏறும் என்கிறார்கள். முடிச்சூர்க்காரனிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள்! 2015 டிசம்பரில் இங்கே தெருவுக்குள் படகு விட்டார்கள். அந்த வெள்ளத்துக்குப் பயந்துதான் வீட்டை உயரமாகக் கட்டினோம். வாசலில் ஒன்பது படி. வெள்ளத்துக்குத் தப்பினோம், இப்போது அந்த ஒன்பது படிதான் பீமனுக்கு எதிரி. உள்ளே போனால் தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு திசையில் வழுக்கும். ஹாலிலிருந்து சமையலறை வரை ரப்பர் மேட் போட்டோம். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்கிறது. வருகிறவர்கள் என்ன விசேஷம் என்கிறார்கள்.

வாசலுக்குச் சாய்தளம். கொத்தனார் நாலே நாளில் முடித்துவிட்டார், வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கீறி. அத்தை அதை நின்று நிதானமாகப் பார்த்தார்.

"மூணு வருஷமா முட்டி வலின்னு சொல்லிட்டிருக்கேன். எனக்குக் கைப்பிடி ஒண்ணு வைக்க ஆள் கிடைக்கலை. நாய்க்குன்னா நாலு நாள்!"

ஆறு மாசத்தில் பீமன் 34 கிலோவுக்கு வந்தான். "ஏழு கிலோ குறையுதே ஸார், எலியா?" என்றார் மண்டிக்காரர். முயல் ஓட்டம் இன்னும் இருக்கிறது. மார்கழிக் காலைகளில் எழுந்திருக்க நேரமாகிறது, சில நாள் மாத்திரையும் வேண்டியிருக்கிறது. ஆனால் போன வாரம் இஸ்திரி வண்டி வரை துள்ளாமல் நடந்தே போனான். இஸ்திரிக்காரர் ஸ்டைல் என்று சொல்லவில்லை, பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சாய்தளத்துக்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டது. இப்போது அத்தையும் அதில்தான் இறங்குகிறார். அகலம் மூணு அடி. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். யார் முதலில் இறங்குவது என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.