கேப்டனைக் கப்பலிலிருந்து இறக்க வேண்டுமா?

என் தம்பி உயர்நிலை மூன்றில் படிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு வாய்மொழிப் பயிற்சி வகுப்பில், துறைமுகத்தைக் காட்டும் காணொளி ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். “கேப்டன் மாலுமிகளைக் கூப்பிட்டு நங்கூரத்தைத் தூக்கச் சொல்கிறார்” என்று தொடங்கியிருக்கிறான். “கேப்டன் தமிழ்ச் சொல்லா?” என்று பயிற்றுநர் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று அவன் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் வீட்டில் அம்மா எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதிலாம்.

இதை அவன் தொலைபேசியில் சொன்னபோது நான் இஸ்தான்புல்லில் இருந்தேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் அங்கே படித்தேன். அவன் அழைத்த நேரம், காடிக்கோயிலிருந்து மறுகரைக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் காதில் விழுந்த சொற்களை வைத்தே அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தப் படகை அங்கே ‘வாபுர்’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் நீராவியைக் குறிக்கும் சொல் அது. நீராவி இயந்திரம் போய் டீசல் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. வாபுர் மட்டும் போகவில்லை. படகு வந்து நிற்கும் துறை ‘இஸ்கெலே’, இத்தாலியச் சொல். துறைமுகம் ‘லிமான்’, கிரேக்கம். சுக்கானுக்கும் திசைகாட்டிக்கும் இத்தாலியப் பெயர்கள். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று ‘போய்ராஸ்’, தென்மேற்கிலிருந்து வருவது ‘லோதோஸ்’. இரண்டும் கிரேக்கம். சுமை தூக்குவோர் ‘விரா’ என்று கத்தினால் ஏற்று என்று பொருள், ‘மைனா’ என்றால் இறக்கு. (முதல்முறை கேட்டபோது நான் மேலே பறவையைத் தேடினேன்.) இவையும் இத்தாலியிலிருந்து வந்தவைதான். கப்பல் தலைவர் யார் தெரியுமா? ‘கப்தான்’!

கடலுக்குத் ‘தெனிஸ்’, கப்பலுக்குக் ‘கெமி’, பாய்க்கு ‘யெல்கென்’, துடுப்புக்குக் ‘குரெக்’ என்று துருக்கியருக்குச் சொந்தச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களின் முன்னோர் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்தவர்கள். மத்தியதரைக் கடலுக்கு வந்தபோது அங்கே வெனிஸ், ஜெனோவா வணிகர்களும் கிரேக்க மாலுமிகளும் முன்பே இருந்தார்கள். கூட வேலை செய்தவர்களிடமிருந்து வேலையோடு சொல்லும் வந்தது. அப்படி வந்த இத்தாலிய, கிரேக்கக் கடற்சொற்களைப் பற்றி மட்டும் கஹானே தம்பதியரும் அந்திரியாஸ் டீட்சேயும் சேர்ந்து 1958ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஃபிர்தினா’. அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் ‘ஃபோர்த்துனா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. கடலில் போனவனுக்கு விதி புயலாகத்தான் வரும்போல. துருக்கியில் அதன் பொருள் புயல் என்றே நிலைத்துவிட்டது. அதே வேர் ஆங்கிலத்தில் ‘ஃபார்ச்சூன்’ ஆகிச் செல்வமாகவும் நல்வாய்ப்பாகவும் வாழ்கிறது.

ஆங்கிலக் கப்பல் மட்டும் தூய்மையானதா? ஸ்கிப்பர், டெக், யாட், க்ரூஸ் எல்லாம் டச்சுக்காரர்களிடம் வாங்கியவை. ‘ஸ்டார்போர்ட்’ ஆங்கிலேயரின் பழைய சொந்தச் சொல். சுக்கான் துடுப்பு வலப்புறம் இருந்ததால் அந்தப் பெயர். அதனால் துறையில் அணைக்கும்போது இடப்புறத்தைத்தான் காட்டுவார்கள். அந்தப் பக்கத்துக்கு ‘லார்போர்ட்’ என்று பெயர் இருந்தது. இரண்டும் ஒரேபோல ஒலித்துக் குழப்பியதால், 1844ல் பிரிட்டிஷ் கடற்படை அதைப் ‘போர்ட்’ என்று மாற்றி ஆணையிட்டது. துருக்கியரும் இடப்புறத்தை ‘இஸ்கெலே’, அதாவது துறைப்பக்கம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆர்சனல் ரசிகர்களுக்கு ஒரு செய்தி. தொழிற்கூடத்தைக் குறிக்கும் அரபுத் தொடர் ஒன்று இத்தாலியத் துறைமுகங்களுக்குப் போனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ஆயுதக் கிடங்கானது, துருக்கிக்குப் போய்த் ‘தெர்சானே’ என்ற கப்பல் கட்டும் தளமானது. உங்கள் குழுவின் பெயர் ஒரு பட்டறையின் பெயர்.

துருக்கியருக்கு மொழிப்பற்று குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 1932ல் அத்தாதுர்க்கின் முயற்சியில் மொழிக்கழகம் தொடங்கி, அரபு, பாரசீகச் சொற்களை ஆயிரக்கணக்கில் மாற்றியவர்கள் அவர்கள். நீர்மூழ்கிக்கு இருந்த ‘தஹ்தெல்பஹிர்’ என்ற அரபுச் சொல்லை எடுத்துவிட்டு, கடலடி என்று பொருள்படும் ‘தெனிஸால்தி’யை வைத்தார்கள். இன்று அதுதான் வழக்கு. அத்தனை தீவிரத்திலும் கப்தானும் ஃபிர்தினாவும் தப்பிவிட்டன. படகோட்டிக்கும் மீனவருக்கும் அவை அந்நியமாகவே படவில்லை.

“அவர்களுக்கு ஒரு நாடே இருக்கிறது, நமக்குத் தமிழ் புழங்கும் இடம் மிகச் சிறியது, இங்கே கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் ஆங்கிலமாகிவிடும்” என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். இந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. மீகாமன் என்ற அழகான பழந்தமிழ்ச் சொல்லைத் தம்பி தெரிந்துகொள்வதும் நல்லதே. ஆனால் எதைத் திருத்துவது என்பதில்தான் நாம் தவறுகிறோம் என்று நினைக்கிறேன்.

நங்கூரம் பாய்ச்சுவதைத் துருக்கியர் ‘தெமிர் அத்மாக்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இரும்பை எறிதல்’. துடுப்பு வலிப்பதை நம்மைப்போலவே ‘துடுப்பை இழுத்தல்’ என்பார்கள். வெளியிலிருந்து வந்த பெயர்ச்சொல்லும் அவர்கள் மொழியின் விகுதியை மாட்டிக்கொண்டு அவர்கள் வினைச்சொல்லோடு நடக்கிறது. “கேப்டன் நங்கூரத்தைத் தூக்கச் சொல்கிறார்” என்பதும் அப்படிப்பட்ட வாக்கியம்தான். நான் என் நண்பர்களிடம் பேசும் “கேப்டன் ஆங்கர் ட்ராப் பண்ணச் சொன்னாரு” வேறு வகை. அங்கே போனது ஒரு பெயர் மட்டுமன்று, பாய்ச்சுதல் என்ற வினையும் போய்விட்டது. திருத்துவதானால் என்னைத் திருத்துங்கள், தம்பியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அவன் வாக்கியத்தில் யாரும் சிரிக்காத இரண்டு சொற்கள் இருந்தன. நங்கூரம் பாரசீகத்தின் ‘லங்கர்’. மாலுமி அரபியின் ‘முஅல்லிம்’. மலாய்க் கப்பல்களில் அதிகாரியை ‘முஅலிம்’ என்பதும் அதே சொல்தான். மலாய்க்காரர்களின் ‘கப்பால்’ நம் கப்பல் என்பது உங்களுக்கே தெரியும்.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பாதியில் கைப்பேசியை எடுத்துவிட்டான். ஆனால் கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய், துருக்கியிலும் ‘கத்தமரான்’ என்றே வழங்குகிறது என்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

“அப்படீன்னா அங்க ஒரு பையன் அதைச் சொன்னதுக்கு வகுப்புல எல்லாரும் சிரிச்சிருப்பாங்களாக்கா?” என்று கேட்டான்.