தேரைக்கும் சொந்த ஊர் உண்டு



ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மழை விட்ட ஒரு ராத்திரி, கொல்லைப் புல்தரையில் விட்ட நாய் எதையோ கவ்விவிட்டு உள்ளே ஓடிவந்திருக்கிறது. வாயெல்லாம் நுரை. ஈறு செக்கச்சிவந்து கிடக்கிறது. தலையை உதறி உதறி, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொள்கிறது. இவர் கைகால் ஓடாமல் நிற்க, மருமகள் ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு நாயின் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் அழுந்தத் துடைத்திருக்கிறார். துணியை அலசுவதும் மறுபடி துடைப்பதுமாகப் பத்து நிமிடம். பிறகு காரில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட்டம். நாய் பிழைத்துக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இந்த முதலுதவி தெரிகிறது என்று வியந்து எழுதியிருந்தார்.

நாய் கவ்வியது கரும்புத் தேரை. கண்ணுக்குப் பின்னால், தோள்மேட்டில் இரண்டு பக்கமும் புடைத்த சுரப்பி இருக்கும். அழுத்தினால் பால் போல நஞ்சு கசியும். அது நேராக இதயத்தைப் பிடிக்கும். முட்டை, தலைப்பிரட்டை, குஞ்சு, வளர்ந்த தேரை என்று எல்லாப் பருவத்திலும் நஞ்சு உண்டு.

இந்தத் தேரை ஆஸ்திரேலியாவுக்குத் தானாக வரவில்லை. சொந்த ஊர் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். 1930களில் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களை ஒரு வண்டு படாத பாடு படுத்தியது. வண்டு இலையைத் தின்றது; அதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்றது. கரும்பு போட்ட நம் விவசாயிகளுக்கு வேர்ப்புழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போர்ட்டோ ரிக்கோவில் இந்தத் தேரை வண்டைத் தின்று தீர்க்கிறது என்று பேச்சு அடிபட, அங்கிருந்து ஹவாய், ஹவாயிலிருந்து 1935-இல் குயின்ஸ்லாந்தின் கோர்டன்வேல். வந்தது நூற்றுச் சொச்சம் தேரைகள். அவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் 2,400 குஞ்சுகளைத் தோட்டங்களில் விட்டார்கள். வால்டர் ஃப்ரோகாட் என்ற மூத்த பூச்சியியல் அறிஞர் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கொஞ்ச நாள் தடையும் இருந்தது. 1936-இல் அதுவும் நீங்கியது.

வண்டு இருப்பது கரும்பின் உச்சியில். தேரைக்கு ஏறத் தெரியாது. புழு இருப்பது மண்ணுக்கடியில். அவ்வளவு ஆழம் தோண்டவும் அதனால் ஆகாது. வண்டு வண்டாகவே இருந்தது. தேரை மட்டும் பெருகியது. ஒரு பெட்டை ஒரே ஈட்டில் 8,000 முதல் 30,000 முட்டை வரை, பாசிமணிச் சரம் போல நீரில் இடும். இன்றைக்கு 20 கோடிக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதலில் ஆண்டுக்குப் பத்துக் கிலோமீட்டர் நகர்ந்த கூட்டம், இப்போது ஐம்பதைத் தாண்டுகிறது. முன்வரிசையில் போகும் தேரைகளுக்குக் கால்கள் நீண்டுவிட்டன என்று 2006-இலேயே கண்டறிந்தார்கள். வேகமாகப் போவது வேகமாகப் போவதோடு இணை சேர, அடுத்த தலைமுறை இன்னும் வேகம்.

தவளை தன் வாயால் கெடும் என்போம். அங்கே கெட்டது தேரையைக் கவ்விய வாய். 2001-இல் வட ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவுக்குள் தேரை நுழைந்தது. குவோல் என்று ஒரு பிராணி. சிறு பூனை அளவு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, குட்டியை வயிற்றோடு சுமக்கும் பைப்பாலூட்டி. தேரை வந்த இடங்களில் குவோல் சில ஆண்டுகளில் கண்ணுக்கே தட்டுப்படாமல் போனது. இனம் அற்றுப்போகாமல் இருக்க, 2003-இல் சிலவற்றைப் பிடித்து ஆர்னெம் நிலக் கரைக்கு அப்பால் உள்ள தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். மஞ்சள் புள்ளி உடும்புகள் பல இடங்களில் பத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நன்னீர் முதலைகள் ஆற்றில் செத்து மிதந்தன.

கடிதம் கண்டு இதையெல்லாம் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நம் ஊரிலும் தேரை உண்டு, அதற்கும் நஞ்சு உண்டு. நம் வயல்வெளிகளில் இப்படி எதுவும் செத்து விழுவதில்லையே, ஏன்? விடை உயிரணுவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு உயிரணுவும் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தேரை நஞ்சு அந்த ஏற்றத்தைப் பூட்டிவிடுகிறது. ஆசிய, ஆப்பிரிக்க உடும்புகளுக்கு அந்த இடத்தில் சிறு மாற்றம் உண்டு, பூட்டு மாட்டாது. காலகாலமாகத் தேரையோடு வாழ்ந்ததில் கிடைத்த காப்பு அது. ஆஸ்திரேலிய உடும்பின் முன்னோரும் ஆசியாவிலிருந்து போனவைதாம். போன இடத்தில் தேரையே இல்லாததால் காப்பு தேவைப்படவில்லை. மரபணுவில் நான்கு எழுத்து மாறி, அது கைவிட்டுப்போனது. அங்குள்ள ஒரு தண்ணீர்ப்பாம்பு மட்டும் கரும்புத் தேரையைத் தின்றும் தாக்குப்பிடிக்கிறது. அது நம் தண்ணீர்ப்பாம்புக்கு உறவு. ஆசியாவிலிருந்து பிந்தி வந்த வம்சம்.

நம் வாசற்படியில் உட்காரும் அதே இனத் தேரையும் கப்பலேறியிருக்கிறது. மடகாஸ்கரின் தொவாமசினா துறைமுகத்தைச் சுற்றி அது பரவியிருப்பது 2014-இல் உலகுக்குத் தெரியவந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்கோடு போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அத்தீவின் 77 உயிரினங்களின் மரபணுவை ஆராய்ந்ததில், தேரை நஞ்சைத் தாங்கும் காப்பு ஒரே ஒரு கொறிவிலங்கிடம்தான் தென்பட்டது. இங்கே கொசுவும் ஈசலும் தின்று யாருக்கும் தொல்லை தராத ஜீவன், அங்கே எமன்.

மனம் கசந்து படிப்பதை நிறுத்திவிட நினைத்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த பகுதி வந்தது. சிட்னியின் உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் ஷைனும் அவரோடு சேர்ந்தவர்களும் தேரையை ஒழிப்பதை விட்டுவிட்டு, மற்ற பிராணிகளுக்குப் பாடம் சொல்லித்தர முனைந்தார்கள். பெரிய தேரையைக் கவ்வினால் உடும்பு சாகும். சின்னஞ்சிறு தேரையைக் கவ்வினால் குமட்டி, வாந்தி எடுத்து, பிழைத்துக்கொள்ளும். அப்புறம் ஜென்மத்துக்கும் தேரைப் பக்கம் போகாது. ஆகவே பெருங்கூட்டம் வந்து சேருமுன் குட்டித் தேரைகளை அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். ஜார்ஜியா வார்ட்-ஃபியர் என்ற ஆய்வாளரும், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதிப் பூர்வகுடிகளான புனுபா மக்களின் வனக்காவலர்களும் கூடி இதைச் செய்து பார்த்தார்கள். பாடம் படித்த உடும்புகள் பிழைத்தன. தன் மண்ணுக்குள் பகையைத் தானே கொண்டுவந்து விட எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அந்த வனக்காவலர்களை நினைத்துக் கைகூப்பத் தோன்றியது.

தாமாகக் கற்றவையும் உண்டு. காக்கைகள் தேரையைப் புரட்டிப்போட்டு, நஞ்சுச் சுரப்பி இல்லாத வயிற்றுப் பக்கமாகத் தின்கின்றன. நீரெலிகள் வயிற்றைக் கீறி இதயத்தையும் ஈரலையும் எடுத்துக்கொள்வதை 2019-இல் பதிவு செய்தார்கள்.

இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. கிம்பர்லிக்கும் பில்பராவுக்கும் இடையே பாலைவனம் கடலைத் தொடும் ஒரு வறண்ட பட்டை உண்டு. அங்கே தேரைக்குக் கிடைக்கும் தண்ணீர் மாடுகளுக்காக மனிதர் வைத்த தொட்டிகளில்தான். அவற்றின் ஒழுகலை அடைத்து, தேரை அண்டாதபடி மாற்றிவிட்டால் படையெடுப்பு அங்கேயே நிற்கும் என்கிறார்கள் அறிஞர்கள். அது நடக்க வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

இனி நம் வீட்டு விஷயம். நாய் வளர்ப்பவர்கள் வாசகியின் மருமகள் செய்ததை நினைவில் வையுங்கள். நம் தேரையைக் கவ்வினாலும் நாய்க்கு நுரை தள்ளும். வாயை ஈரத்துணியால் துடையுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அலுத்துப்போய்விட்டது என்று சக்கர் மீனை ஏரியில் விடாதீர்கள். அதுவும் கரும்புத் தேரை போல வெளியிலிருந்து வந்ததுதான். பாவம் பார்த்து விடுகிறோம் என்றுதான் நினைப்போம். ஏரிக்குள் வலை போடுகிறவர்களைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்.

அடைமழைக்காலத்தில் வாசல் விளக்கடியில் தேரை வந்து உட்கார்ந்தால், உப்பைத் தூவி விரட்டாதீர்கள். அதன் தோல் வெந்துபோகும். விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சி வராது, அதுவும் போய்விடும்.

அன்புடன்,
ஆசிரியர்