பூஜ்ஜியத்தில் தொடங்கும் சராசரி

"கம்யூனிட்டி காலேஜ்ல மார்க்கை அள்ளிப் போடுவாங்க. யூனிவர்சிட்டிக்குப் போனா சாயம் வெளுத்துடும்." அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மாட்கள் மத்தியில் இது கிட்டத்தட்ட வேதவாக்கு. துணைக்கு ஒரு கலைச்சொல்லும் இருக்கிறது: 'டிரான்ஸ்ஃபர் ஷாக்'. 1965-ல் ஜான் ஹில்ஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே வருவது. ஜூனியர் காலேஜிலிருந்து மாறி வருபவர்களின் கிரேடு முதலில் சரிகிறது என்றார் அவர். படிக்கப் படிக்க அது மேலேறுகிறது என்றும் சொன்னார். நம்மாட்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது பழைய கல்லூரியின் கிரெடிட் கூடவே வரும், கிரேடு வராது. ஜி.பி.ஏ. பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். முதலாண்டிலிருந்தே அங்கே படிக்கும் ஒருத்தியிடம் 90 யூனிட், 3.5 ஜி.பி.ஏ. இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் முதல் குவார்ட்டரில் 15 யூனிட்டுக்கு 1.8 வாங்குகிறாள். மொத்தம் 3.26 ஆகிறது. மொத்தத்தில் அந்தச் சரிவு பெரிதாகத் தெரியாது. மாறி வந்தவளும் அதே வகுப்புகளில் அதே 1.8 வாங்குகிறாள். அவளுடைய மொத்த ஜி.பி.ஏ.வே 1.8 தான். மொத்தமே 2.0-க்குக் கீழே போய்விட்டது. ஒரே பரீட்சை, ஒரே விடைத்தாள், இரண்டு தலையெழுத்து.

ஒரு வேரியபிளை நடுவழியில் பூஜ்ஜியமாக்கிவிட்டு, கிராஃப் விழுந்ததற்கு யூசரைத் திட்டினால் என் வேலையில் சட்டையைப் பிடித்துவிடுவார்கள். இங்கே அதற்கு 'தரம்' என்று பெயர்.

இன்னொன்று. அங்கேயே தொடங்கியவள் இடம் பழகியது முதலாண்டின் அடிப்படைப் பாடங்களில். மாறி வந்தவள் இறங்குவதோ நேராக மூன்றாம் ஆண்டின் கடினமான பாடங்களில். பதினாறு வார செமஸ்டரில் படித்தவளுக்குப் பத்து வாரக் குவார்ட்டர். மூச்சு விடுவதற்குள் மிட்டேர்ம். நம்மூரில் பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்து, எம்-1, எம்-2 பார்க்காமலேயே எம்-3 எழுதியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கம்யூனிட்டி காலேஜில் சில இடங்களில் தாராளமாக மார்க் போடுகிறார்களா? போடலாம். எங்கேதான் இல்லை? ஆனால் முதல் குவார்ட்டர் சரிவு அதற்கு ஆதாரம் ஆகாது. பழைய கிரேடு பொய் என்றால் சரிந்தது சரிந்தபடியே கிடக்க வேண்டும். பலருக்கு மேலேறுகிறதே, அது எப்படி?

புது இடத்தின் அதிர்ச்சி பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாததல்ல. எம்.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர்களின் முதல் செமஸ்டரில் எழுத்துக் கிரேடு பதிவேட்டில் ஏறாது. தேறினால் தேறினார்கள் என்று மட்டும் இருக்கும். தோற்றால் அதுவும் வெளியே தெரியாது. பள்ளியில் முதல் ரேங்க் வாங்கி வந்த பிள்ளை தடுமாறினால் அது இயல்பு, மெத்தை விரிக்க வேண்டும். பகலில் கடையில் நின்று, மாலையில் கம்யூனிட்டி காலேஜில் படித்து வந்தவள் தடுமாறினால் மட்டும் 'சாயம் வெளுத்துடுச்சு'.

மாறி வருபவர்களுக்கும் அந்த முதல் குவார்ட்டரை ஜி.பி.ஏ.வில் சேர்க்காமல் விடுங்கள். இது சலுகையே அல்ல. மற்றவர்களுக்கு இரண்டு வருடம் கிடைத்ததை இவர்களுக்குப் பத்து வாரமாவது கொடுப்பது. அதுகூட முடியாது என்றால், குறைந்தபட்சம் அந்த எண்ணை வைத்து அவள் படித்த கல்லூரியை எடை போடுவதை நிறுத்துங்கள்.