அப்பாவுக்கு எந்த ஊர்?

தமிழ் விழா மேடையில் ஏறுகிறவர் பத்தாம் நிமிடத்தில் கொரியாவுக்குப் போய்விடுகிறார். "அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான்!" உடனே கைதட்டல். கொரிய நாடகங்கள் கைப்பேசிக்கு வந்தபிறகு இந்த வியாதி வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

தமிழ்-கொரிய உறவுக்கு இவர்கள் காட்டும் முதல் சாட்சி, கி.பி. 48இல் கடல் கடந்து போய்க் கொரிய மன்னனை மணந்த இளவரசி. அந்தக் கதை இருப்பது 13ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யுசாவில். பிறந்த ஊர் 'அயுத்தா'. அயோத்தியில் அவளுக்கு நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். நம்மவர்கள் பாண்டிய நாட்டுப் பெண் என்கிறார்கள். பெண் வீட்டார் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது 'நீ'. கொரியரும் பேச்சில் 'நீ' என்கிறாராம். சீனரும்தான் சொல்கிறார். அவரை ஏன் பந்தியில் உட்காரவைப்பதில்லை? ஒலி தற்செயலாகவும் ஒத்துப்போகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பபாரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்கு 'டாக்'. ஆங்கிலத்தில் வாங்கியதல்ல, அந்த மண்ணின் பழைய சொல்லே தேய்ந்து அப்படி ஆனது.

இனி நட்சத்திரச் சாட்சி, அப்பா. பல் முளைக்காத வாய்க்கு முதலில் வசப்படுவது உதடு. மூடியிருக்கும்போது காற்று மூக்கால் போனால் 'ம', உதட்டைத் திறந்து வெடித்தால் 'ப'. எடுத்த எடுப்பில் ழகரமா வரும்? குழந்தை தன்பாட்டுக்கு உளறுகிறது, பக்கத்தில் இருப்பவர் "என்னைத்தான் கூப்பிடுது" என்று பூரித்துப் போகிறார். அந்தப் பூரிப்பு எல்லா நாட்டிலும் உண்டு. மர்டாக் என்ற மானிடவியலாளர் உலகெங்குமிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1072 சொற்களைத் திரட்டினார். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் அவற்றை வைத்து இதைத்தான் விளக்கினார். அரமேயத்தில் அப்பா, துருக்கியில் பாபா. எல்லோரும் மதுரையில் கப்பல் ஏறியவர்களா? (மதுரையில் கடல் இல்லை என்பது வேறு விஷயம்.) ஜார்ஜியாவிலோ தகப்பன் 'மாமா', தாய் 'தெதா'. ரஷ்யாவில் 'பாபா' என்றால் பெண். மேடைக் கணக்கில் இந்தக் குடும்பத்தை எப்படி ஒட்டவைப்பது?

கொரியரின் 'அப்பா' வீட்டுச் செல்லச் சொல், மரியாதைக்கு 'அபொஜி'. இதை எந்தப் பேச்சாளரும் சொன்னதில்லை, கைதட்டல் கிடைக்காதே! நம் சங்கப் பாடல்களிலும் எந்தை, நுந்தை, தந்தை என்றுதான் கேட்கிறது. உறவு பார்க்க ஆசையென்றால் எண்களிலிருந்து தொடங்கட்டும். கொரியர் ஹனா, துல், செத் என்று எண்ணுகிறார். இதில் எந்த விரலைத் தமிழ் என்று மடக்குவது?