மணி அடித்தவனுக்கே அடி

மரபணுவைப் படிச்சா போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கும், அடுத்த கொள்ளைநோய் வாசலைத் தாண்டாது. மூச்சுக்கு முந்நூறு தடவை இதைச் சொல்கிறார்கள். நானும் நம்பினவன்தான். ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது என்று இவர்களில் ஒருத்தராவது பேசுகிறாரா?

தென்னாப்பிரிக்காவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், பிசிஆரில் தெரியவேண்டிய எஸ் மரபணு சில மாதிரிகளில் மட்டும் தெரியவில்லை. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. வைரஸின் சுமார் 30,000 எழுத்துகளையும் வரிசையாகப் படித்து, கணினியில் மற்ற வகைகளோடு ஒப்பிட்டார்கள். ஸ்பைக் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேல் மாற்றங்கள்! நவம்பர் 25 அன்று டூலியோ டி ஒலிவெய்ராவும் சகாக்களும் ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். மறுநாள் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது உலக சுகாதார நிறுவனம்.

பரிசு என்ன தெரியுமா? விமானத் தடை. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா என்று வரிசையாகக் கதவைச் சாத்தின. மரபணுவைப் படிக்கத் தேவையான ரசாயனங்களும் விமானத்தில்தான் அங்கே வந்தாகணும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இதுக்குப் பேரு நோய்த்தடுப்பாம்.

தடையால் கொஞ்சம் அவகாசம் கிடைத்ததே என்பார்கள். சரிங்க, நெதர்லாந்தில் நவம்பர் 19லேயே எடுத்த மாதிரியில் ஒமிக்ரான் இருந்தது பிறகு தெரியவந்ததே, அமெரிக்கா அந்த நாட்டுக்குத் தடை போட்டதா? எட்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும்தான் போட்டது. வைரஸ் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை, அதிகாரிகள் பார்க்கிறார்கள்.

இனி எந்த நாட்டு விஞ்ஞானி முதல் ஆளாக வாயைத் திறப்பார்? எத்தனை சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாலும், தரவை அனுப்ப ஒருத்தர் துணியணும். அப்படிச் சொல்கிற நாட்டுக்கு ரசாயனமும் மருந்தும் தடுப்பூசியும் முதலில் போய்ச்சேரும் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி கொடுங்கள். கொடுக்காதவரை இந்தக் கண்காணிப்புத் திட்டங்களெல்லாம் வெறும் பவர்பாயிண்ட்.

சீனாவின் ஜாங் யோங்ஜென்னையும் சொல்லணும். கொரோனாவின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று உலகத்துக்குக் கிடைத்தது அவரால். அதைப் பார்த்துத்தான் மாடர்னா இரண்டே நாளில் தடுப்பூசியை வடிவமைத்தது. அவர் ஆய்வகத்தை மறுநாளே, சீர்திருத்தணும் என்று மூடினார்கள். 2024 ஏப்ரலிலும் ஆய்வகத்தைக் காலிபண்ணச் சொன்னபோது, மழையில் அதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.