தாவீது குடிக்க மறுத்த தண்ணீர்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 23:13-17



இந்த வாரம் உங்களோடு சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. இரவு உணவுக்குப்பின் நம் வீடுகளில் ஓடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றியும், நம் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் விழுந்த மரணங்களைப் பற்றியும் சேர்த்தே பேசப்போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

டிஸ்கவரி தொலைக்காட்சியில் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘பேரிங் சீ கோல்ட்’ என்னும் நிகழ்ச்சியை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். அலாஸ்காவின் நோம் என்னும் சிற்றூரே அதன் களம். 1898-இல் அவ்வூரின் அருகே பொன் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டே கடற்கரை மணலிலும் பொன் கிடைக்க, ஆயிரக்கணக்கானோர் அங்கே ஓடினார்கள். இன்று அந்தப் பொன்னைக் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு மிதவை, அதன்மேல் எஞ்சின், பம்பு, மணலைக் கழுவும் சாய்ந்த பெட்டி. அடியில் ஒரு மனிதர் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துசெல்வார். அவருடைய மூச்சு, மேலேயுள்ள கம்ப்ரசரிலிருந்து இறங்கும் ஒரு குழாயில் இருக்கிறது. உடல் உறையாதிருக்க உடைக்குள் வெந்நீர் பாய்ச்சுகிறார்கள். குளிர்காலத்திலோ பனிப்பாளத்தில் துளையிட்டு அதற்குள் இறங்குகிறார்கள். மிதவைகளில் பல, கையில் கிடைத்ததைக்கொண்டு ஒட்டுப்போட்டுச் செய்தவை.

அத்தொழிலைச் செய்யும் மனிதர்களை நான் குறைகூறவில்லை. பிழைப்புக்காகக் கடலில் இறங்குகிறவனைக் கரையில் நின்று நியாயந்தீர்க்க எனக்கு உரிமையில்லை. நான் கேட்பது பார்வையாளரை. ஓட்டுப்போட்ட மிதவை கவிழப்போகிறதா, காற்றுக்குழாய் அறுந்துபோகுமா என்ற பதற்றத்தை நமக்கு விற்கிறார்கள். நாம் அதைச் சுவைக்கிறோம். ஆபத்து உச்சத்தை எட்டும் நேரத்தில் விளம்பரம் வருகிறது. பழுதான இயந்திரத்தோடு கடலுக்குள் போகிறவன் வீரனாகவும், காற்றைப் பார்த்துக் கரையில் நின்றுவிட்டவன் பொன்னை இழந்த ஏமாளியாகவும் நம் மனதில் பதிகிறார்கள். இது பொழுதுபோக்கு என்ற பெயரில் நடக்கும் ஒரு போதனை. அந்தப் போதனை பொய்யானது.

இந்தச் சுவைக்கு அலாஸ்காவரை போகவும் வேண்டியதில்லை. துறைமுக முகத்துவாரத்தில் அலை எழும்ப, படகு செங்குத்தாக நிமிர்ந்து விழும் காட்சிகள் பாட்டுச் சேர்க்கப்பட்டு நம் கைபேசிகளுக்கு வருகின்றன. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் திட்டாலும் அலையாலும் படகுகள் கவிழ்ந்து நம் மீனவச் சகோதரர்கள் பலர் மாண்டிருக்கிறார்கள். அதே வகைக் காட்சியை நாம் விருப்பக்குறியிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம்.

இப்போது வேதப் பகுதிக்கு வாருங்கள். தாவீது அதுல்லாம் கெபியில் இருந்த நாள்கள் அவை. பெத்லகேமில் பெலிஸ்தரின் தாணையம் இருந்தது. ஊர் வாசலருகே இருந்த கிணற்றுத் தண்ணீரின்மேல் தாவீதுக்கு ஆசை வந்தது, வாய்விட்டுச் சொன்னான். மூன்று பராக்கிரமசாலிகள் எதிரியின் பாளயத்தைப் பிளந்துகொண்டுபோய் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தாவீதோ அதைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். உயிரைப் பணயம் வைத்துப்போன மனிதரின் இரத்தமாகவே அந்தத் தண்ணீரை அவன் கண்டான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூவரையும் தாவீது அனுப்பவில்லை. அவர்களாகவே போனார்கள், மனமுவந்து போனார்கள், பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். ‘யாரும் அவர்களை வற்புறுத்தவில்லையே’ என்று சொல்ல எல்லா நியாயமும் தாவீதுக்கு இருந்தது. அப்படி அவன் சொல்லவில்லை. ஆபத்துக்குள் போனவனின் சம்மதம், அந்த ஆபத்தை ருசிக்கிறவனின் மனச்சாட்சியைக் கழுவிவிடாது என்பதே இப்பகுதி நமக்குக் கற்றுத்தரும் பாடம். தொலைக்காட்சிக்காரர்களும் பார்வையாளர்களும் சொல்லும் முதல் சமாதானம் இங்கேயே உடைந்துபோகிறது.

‘அப்படியானால் மீன் சாப்பிடுவதும் பாவமா?’ என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. மீன் உணவு, மீன்பிடித்தல் நம் ஆண்டவர் தம் சீஷர்களைத் தேடிக் கண்டடைந்த தொழில். தாவீதுக்கு அந்தக் கிணற்றின் தண்ணீர் ஓர் ஆசை மட்டுமே. உணவுக்காக ஏற்கும் ஆபத்து வேறு, தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் விடுவதால் வரும் ஆபத்து வேறு. முன்னதற்காக நாம் நன்றி செலுத்துகிறோம். பின்னதற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

எளிமையான கலத்தையும் ஒட்டுப்போட்ட கலத்தையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கட்டுமரத்தைப் பாருங்கள். சில மரங்கள், சில கயிறுகள், அவ்வளவே. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த அறிவு அதில் இருக்கிறது. நீர் நிறைந்து மூழ்க அதற்கு உள்ளறை கிடையாது. அலை மேலே ஏறி, மரங்களின் இடைவெளி வழியே இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை உலர்த்துவார்கள். நம் முன்னோர் அற்பமான பொருளைக்கொண்டு உயிரைக் காக்கும் கலத்தைச் செய்தார்கள். இன்று விலையுயர்ந்த எஞ்சினைப் பொருத்திவிட்டு, உயிர்காக்கும் கவசத்துக்குப் பணமில்லை என்கிறோம். இதில் எது நாகரிகம்?

நோமில் நடப்பதற்கு ஒப்பானது நமக்கு அருகிலேயே உண்டு. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள், வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் வகைக் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறார்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றின் நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் தாக்கும். முடமாக்கும், கொல்லவும் செய்யும். எஞ்சினின் புகை காற்றுக்குழாய்க்குள் போனால் கீழே இருப்பவர் அறியாமலே மயங்கி மடிவார். அவர்களைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சி வரவில்லை. அவர்கள் எடுத்த சங்கோ வளையலாகவும் அலங்காரமாகவும் பல வீடுகளில் இருக்கிறது.

இனி நம் பிரசங்கபீடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் நாளை நம் மாவட்டம் மறக்காது. அன்று காலையில்தான் ஒக்கி புயலாக அறிவிக்கப்பட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களோ அதற்குப் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் ஒலித்த எச்சரிக்கை எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் பாதையில் அமர்ந்த குடும்பங்கள் கேட்டது, காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்பதையே. உடல் கிடைக்காமல், கல்லறை எழுப்ப முடியாமல் நின்ற வீடுகள் எத்தனை! அந்த வீடுகளில் போய், ‘தேவசித்தம்’ என்று ஒரே சொல்லில் ஆறுதல் கூறியவர்கள் உண்டு. புயல் எழுந்தது மனிதன் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் செய்தி போய்ச்சேராத படகு தேவசித்தமா? நம் அலட்சியத்தின்மேல் ஆண்டவரின் பெயரை எழுதி ஒட்டுவது, அவர் நாமத்தை வீணிலே வழங்குவதல்லவா?

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப்பாருங்கள். இந்தப் பருவத்தில் பயணம் ஆபத்து என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ பவுலைவிட மாலுமியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினான். பின்னர் பெருங்காற்றில் அகப்பட்டபோது, ஓர் உயிரும் சேதமாகாது என்ற வாக்கைத் தேவன் கொடுத்தார். வாக்குக் கிடைத்துவிட்டதே என்று பவுல் கைகட்டி உட்காரவில்லை. கப்பலாட்கள் குண்டுவிட்டு ஆழத்தை அளந்தார்கள். நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். கப்பலாட்கள் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் தடுத்தார். இருநூற்று எழுபத்தாறு பேரும் கரைசேர்ந்தார்கள். விசுவாசமும் ஆழமளக்கும் கயிறும் ஒரே கப்பலில் இருந்தன. ‘விசுவாசம் இருந்தால் கவசம் எதற்கு?’ என்று கேட்பவர், தேவாலயத்து உப்பரிகையில் சாத்தான் ஆண்டவரிடம் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார்.

புதிதாக வீடு கட்டுகிறவன், யாரும் விழுந்து இரத்தப்பழி வராதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்கிறது உபாகமம் 22:8. விழுகிறவன் கவனமாக நடந்திருக்கலாமே என்று அந்தக் கட்டளை வாதாடவில்லை; பொறுப்பை வீட்டுக்காரன்மேல் வைக்கிறது. படகுக்கு உயிர்காக்கும் கவசமும், தகவல் கருவியும், ஆழமாக்கப்பட்ட முகத்துவாரமும் கைப்பிடிச்சுவர்களே.

‘மீனவர்களே கவசத்தை அணிவதில்லை’ என்று சிலர் குற்றஞ்சாட்டுகிறார்கள். பருமனான கவசத்தை மாட்டிக்கொண்டு வெயிலில் வலை இழுத்துப் பார்த்தவர்கள் இதைச் சொல்லட்டும். வேலைக்குத் தடையாகாத கவசங்கள் உலகில் உண்டு. அவை விலை கூடியவை. குறை அணிபவரின் பிடிவாதத்தில் மட்டும் இல்லை. மலிவானதை வாங்கி எண்ணிக்கை காட்டுகிறவர்களிடமும் இருக்கிறது.

மரணம் கடல்தொழிலின் விதி என்பதும் பொய். பொன்வேட்டையின் ஆபத்தைக் காட்சியாக விற்கும் அதே அமெரிக்கா, 1988-இல் மீன்பிடிக் கலங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உயிர்காக்கும் மிதவை, குளிர்காக்கும் உடை, ஆபத்துக்காலச் சமிக்ஞைக் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அலாஸ்கா மீனவர்களின் மரணங்கள் பெரிதும் குறைந்தன. கடல் மாறவில்லை, குளிரும் மாறவில்லை. மனிதர் மனம் மாறினர். நம் நாட்டிலும் ஒக்கிக்குப்பின் 2019-இல் ‘ஜெமினி’ என்னும் கருவி வந்தது; அது எச்சரிக்கையைப் பெறும், பதில் அனுப்பாது. இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்டது. திட்டம் தொடங்கியதற்காகக் கைதட்டுவதோடு நில்லாமல், நம் ஊர்ப் படகில் அது இருக்கிறதா என்று கேட்பதே நம் கடமை.

ஆகவே நான் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, புதுப்படகின் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைக்கப்படும் ஊழியர்களே, ஜெபிக்குமுன் ஆள்களை எண்ணுங்கள். பின்பு கவசங்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவந்தபின் ஜெபியுங்கள். நான் அப்படியே செய்வேன். இரண்டாவது, ஒக்கி நினைவுநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் சபைகள், அவ்வாண்டின் காணிக்கையில் ஒரு பங்கைக் கவசங்களுக்கு ஒதுக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை ஒவ்வொரு ஆலய அறிவிப்புப் பலகையிலும் எழுதட்டும். மூன்றாவது, வீட்டில் இருக்கும் நீங்கள், ஒருவன் மூழ்குவானா பிழைப்பானா என்ற பதற்றத்தை உங்களுக்கு விருந்தாகப் பரிமாறும்போது, அதை அணைத்துவிடுங்கள். தாவீது கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்தானே. உங்கள் கையில் இருப்பது ஒரு பொத்தான்தான்.

ஜெபம்: கடலையும் வெட்டாந்தரையையும் உண்டாக்கின கர்த்தாவே, பிறர் உயிரின் ஆபத்தைச் சுவைக்கும் ஆசையை எங்களைவிட்டு அகற்றும். எங்கள் அலட்சியத்துக்கு உமது பெயரைச் சூட்டாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். இன்றிரவு கடலில் இருப்போரைக் கரைசேர்த்தருளும். அதற்கு எங்கள் கைகளையும் பயன்படுத்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.