விலை ஏறினால் முதியோர் கொடுப்பனவும் ஏற வேண்டும்



"முதியோர் கொடுப்பனவுதான் 5000 ஆகிவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறை இருக்கிறது.

எரிபொருளுக்கு மாதாந்த விலைத் திருத்தம் உண்டு. மின்சாரத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கட்டணத் திருத்தம் உண்டு. செலவு கூடினால் விலை கூடும் என்கிறார்கள், நாமும் ஏற்றுக்கொண்டோம். நமது மூத்தவாப்பா, மூத்தம்மாவின் கைக்கு வரும் காசு மட்டும் யாராவது மனம் இரங்கும் வரை அசையாது.

கணக்கைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. மாதம் 30 யுனிட் பாவிக்கும் சின்ன வீட்டின் கரண்ட் பில் 2023 பெப்ரவரியில் 360 ரூபாயிலிருந்து 1300 ஆனது. அந்த வருடம் முதியோர் கொடுப்பனவு 2000. அது 3000 ஆனது 2024இல். 5000 ஆனது 2025 ஏப்ரலில். இடையில் கரண்ட் கட்டணம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஏறிய மாதங்களில் கடைக் கொப்பியில் விழுந்த கடனை யார் அடைத்தார்கள்?

குளிர் நாடுகளைப் போல வீட்டைச் சூடாக்கும் செலவு நமக்கில்லை என்பார்கள். மாரி மழையில் சுபஹுக்கு வுழூ செய்ய எழும்பும் 75 வயது மனுசிக்குச் சுடுதண்ணி வேண்டாமா? அடுப்பை மூட்ட முன்னர் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்க்கிற நிலை சரியா?

அரச உத்தியோகம் செய்தவருக்குப் பென்ஷன் உண்டு. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவருக்கு, பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கு என்ன உண்டு? அவர்களும் வாங்கிய ஒவ்வொரு சாமானிலும் வரி கட்டியவர்கள்தானே.

"பிள்ளைகள் பார்க்கட்டும்" என்பதும் பதிலல்ல. பெற்றோரைப் பார்ப்பது நம் மீது கடமை. அது அரசின் கடமையை இல்லாமலாக்காது. பிச்சை கேட்டு நின்ற முதிய யூதர் ஒருவருக்கு உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து கொடுப்பனவு ஏற்பாடு செய்ததை இமாம் அபூ யூசுப் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார். உழைக்கும் வயதில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது அநீதி என்பதே அங்கு சொல்லப்பட்ட காரணம். ஆகவே இது தர்மம் அல்ல, உரிமை.

நாம் கேட்பது ஒன்றுதான். மண்ணெண்ணெய், மின்சார விலை ஏறும்போது அதே திருத்தத்தோடு முதியோர் கொடுப்பனவும் ஏற வேண்டும்.

ரமழானில் உலருணவுப் பொதி கொடுத்து போட்டோ போடுவதோடு நம் வேலை முடியவில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு கையெழுத்து வாங்கி, பிரதேச செயலாளருக்கும் நாம் வாக்களித்த பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுக்கட்டும். கடிதம் எழுதித் தர நம் ஊர் ஆசிரியர்கள் இருக்கிறோம்.